ஐம்பதுக்கு ஒன்று

ஏலத்தில் எடுத்த ரம்பம். அறுபத்தைந்து டாலர்.
எனக்கு மேல் யாரும் கேட்கவில்லை.
செத்தவரின் பெயர் பிடியில் ஆணியால் கீறியிருந்தது,
முதலெழுத்து மட்டும் தேய்ந்து.

சமையலறை மேஜையில் கழற்றினேன்.
ஏர் ஃபில்டர் நிறைய மரத்தூள், அடை போலக் கெட்டியாக.
கார்புரேட்டருக்குள் எந்தக் குளிர்காலத்துப் பெட்ரோலோ
பிசினாகித் தேன் நிறத்தில் ஒட்டியிருந்தது.
பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இரண்டு இரவு.
புது பிளக், ஏழு டாலர்.
மூன்றாம் நாள், பதினோராவது இழுப்பில்
ஒரு தும்மல்,
கொஞ்சம் நீலப் புகை,
அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம்.
நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
நான் சிரித்தேன். அந்த வருடத்தின் முதல் சிரிப்பு அது.
இல்லை, பொய். மார்ச்சில் ஒருமுறை சிரித்திருக்கிறேன்.

ஆகஸ்டில் காற்று அடித்தது.
ஐயோவாவில் காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை,
சோளம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.
ஓரின் ட்யாடனின் மேப்பிள் மரம்
அவருடைய லாரியின் மேல் கிடந்தது.
ஒன்பது வருடமாக வேலிக்கு இருபுறமும்
தலையாட்டலோடு சரி.
அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்:
"வெர்னா, உங்கள் ரம்பம்."
கொடுத்தேன். சிவப்புக் கேனையும் கொடுத்தேன்.
ஆயில் கலந்ததுதான், அப்படியே ஊற்றுங்கள் என்றேன்.

மறுநாள் திரும்பி வந்தது,
சங்கிலி துடைத்து, எண்ணெய் தடவி, உறை போட்டு.
"பாதி மரத்தில் நின்றுவிட்டது," என்றார்.
"கயிறு வரமாட்டேன் என்கிறது."

சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
பிஸ்டனின் மேல் நெடுக்குக் கீறல்கள்,
பூனை வளர்ப்பவர் வீட்டு சோபா மாதிரி.
சீஸ் ஆகிவிட்டது.
ஆயில் இல்லாத வெறும் பெட்ரோலின் வேலை இது.
ஐம்பதில் ஒரு பங்கு,
அந்த ஒரு பங்கு இல்லையென்றால்
இரும்பை இரும்பே தின்னும்.

வேலியோரம் போய்க் கேட்டேன்:
"உங்கள் லாரிக் கேனிலிருந்து ஊற்றினீர்களா?"
விழுந்த மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"இருக்கலாம். அவசரத்தில்."
அந்த சனிக்கிழமை என் வாசலில் புது ரம்பம் ஒன்று, பெட்டியோடு.
முந்நூற்று இருபது டாலர்.
கடைக்காரன் ரசீதைப் பெட்டியிலேயே ஒட்டியிருந்தான்,
ஓரின் கவனித்திருக்க மாட்டார்.

அதன்பின் மழையில்லை, புல் வளரவில்லை.
அக்டோபரில் இலைகளை அரைக்கப் புல்வெட்டியை இழுத்து,
கராஜிலிருந்த இன்னொரு சிவப்புக் கேனைச் சாய்த்தேன்.
புனலில் நீலம்.
நான் வாங்கும் ஆயிலின் நீலம்.
ஜூலையில் நானே அளந்து ஊற்றியது,
ஒரு காலனுக்கு இரண்டரை அவுன்ஸும் ஒரு சொட்டும்.
ஒரே கடை, ஒரே அளவு, இரண்டு கேன்.
எதிலும் ஒன்றும் எழுதவில்லை.
மூடினேன்.
மறுபடி திறந்தேன். நீலம்தான்.

நான்கு நாள் ஆனது எனக்கு,
முப்பதடி நடப்பதற்கு.

"கேன் என் தப்பு, ஓரின்."
"தெரியும். நின்றதும் தம்ளரில் ஊற்றிப் பார்த்தேன்.
தண்ணீர் மாதிரி இருந்தது."
"அப்புறம் ஏன்?"
"என் லாரியின் மேல் மரம் கிடந்தது, வெர்னா.
அன்றைக்கு யாரோடும் வாதாட வலுவில்லை."

பணத்தை வாங்க மறுத்தார்.
புது ரம்பத்தையும் வாங்க மறுத்தார்.
செத்தவரின் ரம்பத்துக்கு
பிஸ்டனும் சிலிண்டரும் வரவழைத்தோம்,
பாதிப் பாதி.
நசுங்கிய லாரியின் பின்கதவை மேஜையாக்கி,
மூக்கில் கண்ணாடி, விரலில் கிரீஸ்,
ஞாயிறு முழுக்க அதிகம் பேசாமல் மாட்டினோம்.

ரிங் ஒன்று உடைந்தது.
உடைத்தது நான்.
இந்த முறை இரண்டு பேருமே பார்த்தோம்.